கரும்பொருளைத் தேடும் விண்வெளித் துகள் உணர்கருவிகள்: அளவீடும் விளக்கமும்

முன்னுரை

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் நடைபெற்ற கருத்தரங்கில், நோபெல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் சாமுவேல் டிங் ஒரு வளைகோட்டைத் திரையில் காட்டினார். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்டுள்ள ஆல்பா காந்த நிறமாலைமானி என்னும் கருவி தன் முதல் பதினெட்டுத் திங்களில் பதிவுசெய்த ஏறத்தாழ 2,500 கோடித் துகள்களிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்ட கோடு அது. மறுநாள் உலகச் செய்தித்தாள்கள் பலவும், கரும்பொருளின் தடயம் கிடைத்துவிட்டது என்று பொருள்படும்படி அச்செய்தியை வெளியிட்டன. டிங் அவ்வாறு கூறவில்லை. இத்துகள்கள் கரும்பொருளிலிருந்து வந்தவையா, வேறு மூலத்திலிருந்து வந்தவையா என்பதை வரும் திங்கள்களில் தம் கருவி முடிவாகச் சொல்லிவிடும் என்றே அன்றைய அறிக்கையில் அவர் நம்பிக்கை தெரிவித்தார்.

அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. கருவி 20,000 கோடிக்கும் மேற்பட்ட துகள்களைப் பதிவுசெய்துள்ளது. அன்று காட்டப்பட்ட வளைகோட்டை இன்று ஐயுறுவார் இலர். ஆயினும் அக்கோட்டின் பொருள் யாது என்னும் வினாவுக்கு உடன்பட்ட விடை கிட்டவில்லை. அளவீடு உறுதியாக இருக்க, விளக்கம் உறுதியற்றிருக்கும் இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இயற்பியல் பயிலாத தமிழாசிரியர்களையும் மனத்திற்கொண்டே இஃது எழுதப்படுகிறது. அறிவியல் கட்டுரைகளைத் தமிழில் கற்பிக்கும் பொறுப்பு அவர்கள் கையிலும் உள்ளது என்பதே அதற்குக் காரணம்.

பெயர் பற்றிய ஒரு குறிப்பு

தமிழில் இதனை இருண்ட பொருள் என்றும் கரும்பொருள் என்றும் வழங்குகின்றனர். கரும்பலகை என்பது போலக் கருமை, பொருள் என்னும் இரு சொற்களும் புணர்ந்து கரும்பொருள் ஆயிற்று. இதனைக் கருப்பொருள் என எழுதினால் தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் ஒன்றாகிவிடும். தெய்வமும் உணவும் மாவும் மரமும் புள்ளும் பறையும் அங்கே வந்து நிற்கும். ஒற்றெழுத்து ஒன்றால் நேரும் இம்மாற்றத்தை மாணவர் கட்டுரைகளில் மட்டுமன்றி அச்சிட்ட நூல்களிலும் காண முடிகிறது.

பெயரில் மற்றொரு சிக்கலும் உண்டு. கரிய பொருள் தன்மேல் விழும் ஒளியை உட்கொள்ளும். அதனால்தான் கரும்பலகை நம் கண்ணுக்குக் கருமையாகத் தெரிகிறது. கரும்பொருளோ ஒளியை உட்கொள்வதுமில்லை, உமிழ்வதுமில்லை. ஒளி அதனூடே தடையின்றிச் சென்றுவிடும். உண்மையில் அது கரியது அன்று, தெள்ளத் தெளிவானது. காணாப்பொருள் என்பதே பொருத்தமான பெயராக எனக்குத் தோன்றுகிறது. எனினும் வழக்கில் நிலைத்துவிட்ட சொல்லை மாற்றுவதால் குழப்பமே மிகும் என்பதால் கரும்பொருள் என்றே இங்கு ஆளப்படுகிறது.

எதனைத் தேடுகின்றனர்?

1933ஆம் ஆண்டில் பிரிட்ஸ் சுவிக்கி, கோமா எனப்படும் விண்மீன்மண்டலக் கொத்தினை ஆராய்ந்தபோது அதிலுள்ள மண்டலங்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் நகர்வதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டுமே அவற்றைப் பிணைத்திருக்குமாயின் அக்கொத்து என்றோ சிதறியிருக்க வேண்டும். 1970ஆம் ஆண்டில் வேரா ரூபின், கென்ட் ஃபோர்ட் ஆகிய இருவரும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் சுழற்சியை அளந்தனர். மையத்திலிருந்து விலக விலகச் சுழற்சி வேகம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. அவ்வாறு குறையவில்லை. பின்னர் பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளும் பிறவும் சேர்ந்து, அண்டத்தின் மொத்த ஆற்றல் இருப்பில் நாமறிந்த சாதாரணப் பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடு, கரும்பொருள் 27 விழுக்காடு, எஞ்சியது கருவாற்றல் என்னும் கணக்கினைத் தந்தன.

இச்சான்றுகள் அனைத்தும் ஈர்ப்பு வழியாகப் பெறப்பட்டவை என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும். கரும்பொருள் எவ்வளவு உள்ளது என்பது தெரியும். அது யாது என்பது தெரியாது. அஃது இதுவரை அறியப்படாத ஒரு துகளாக இருக்கலாம் என்பது பரவலான கருதுகோள். அத்துகள்கள் இரண்டு மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்போது, அவற்றின் ஆற்றல் நாமறிந்த துகள்களாகவும் எதிர்த்துகள்களாகவும் இணையிணையாக வெளிப்படக்கூடும் என்பது அதன் தொடர்ச்சி. விண்வெளியில் உணர்கருவியை நிறுத்துவோர் தேடுவது இந்த மிச்சத்தைத்தான். கரும்பொருளைப் பிடிப்பது அவர்கள் நோக்கமன்று.

இணையாகப் பிறக்கும் எலக்ட்ரானை விட்டுவிட்டு அதன் எதிர்த்துகளான பாசிட்ரானை ஏன் தேட வேண்டும்? பெருக்கெடுத்தோடும் ஆற்றில் ஒரு குடம் நீரைக் கொட்டினால் எவரும் அறியமாட்டார். வறண்ட குளத்தில் கொட்டினால் ஈரம் தெரியும். எலக்ட்ரான்கள் விண்வெளியில் மலிந்துள்ளன. பாசிட்ரான்கள் அரியவை. அண்டக்கதிர்ப் புரோட்டான்கள் விண்மீன்களுக்கு இடையிலுள்ள வளிமத்தில் மோதும்போது மட்டும் சிறிதளவு தோன்றும். அவ்வகையில் தோன்றுபவை மட்டுமே இருப்பின், எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் சேர்ந்த மொத்தத்தில் பாசிட்ரானின் பங்கு ஆற்றல் கூடக்கூடக் குறைந்துகொண்டே செல்ல வேண்டும். குறையாமல் கூடுமானால் வேறெங்கோ ஓர் ஊற்று இருக்கிறது என்று பொருள்.

வளிமண்டலத்திற்கு வெளியே

1912ஆம் ஆண்டில் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரம் சென்று, மேலே செல்லச் செல்லக் கதிர்வீச்சு மிகுவதைக் கண்டறிந்தார். அண்டக்கதிர் ஆய்வு அதிலிருந்தே தொடங்குகிறது. 1932ஆம் ஆண்டில் கார்ல் ஆண்டர்சன், காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட முகிற்கலத்தில் எலக்ட்ரானைப் போன்றே சுவடு பதித்து, ஆனால் எதிர்த்திசையில் வளைந்து சென்ற ஒரு துகளைக் கண்டார். அதுவே பாசிட்ரான். இருவரும் 1936ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். காந்தத்தில் வளையும் திசையைக் கொண்டு துகளின் மின்னூட்டத்தை அறியும் ஆண்டர்சனின் முறையே இன்றைய விண்வெளிக் கருவிகளிலும் அடிப்படையாக உள்ளது.

நம் தலைக்குமேல் உள்ள காற்று முழுவதையும் நீராக்கினால் அது ஏறத்தாழ பத்து மீட்டர் ஆழமுள்ள நீருக்கு ஈடாகும். அண்டக்கதிர்த் துகள் அதனுள் நுழைந்ததும் காற்றணுக்களில் மோதிச் சிதறிவிடும். அம்மோதலே புதிய பாசிட்ரான்களையும் தோற்றுவிக்கும். எனவே தரையில் நின்று பார்ப்போர்க்கு விண்ணிலிருந்து வந்தது எது, காற்றில் பிறந்தது எது எனப் பிரித்தறிய இயலாது. உயரப் பறக்கும் பலூன்கள் இத்தடையைப் பெரிதும் குறைத்தன. 1990களில் ஹீட் என்னும் பலூன் ஆய்வு பாசிட்ரான் மிகுதியின் முதற்குறிப்பைத் தந்தது. ஆயினும் பலூன் சில நாள்களே மிதக்கும். அதற்கு மேலும் மெல்லிய காற்றுப்படலம் எஞ்சியிருக்கும். ஆண்டுக்கணக்கில் எண்ணவேண்டுமாயின் வளிமண்டலத்தைக் கடந்து செல்லத்தான் வேண்டும்.

பமேலாவும் படம்பிடிக்கப்பட்ட வரைபடமும்

இத்தாலி, ரஷ்யா, ஜெர்மனி, சுவீடன் ஆகிய நாடுகளின் அறிஞர்கள் உருவாக்கிய பமேலா என்னும் கருவி, 2006ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்றில் இணைக்கப்பட்டுப் பைக்கானூரிலிருந்து ஏவப்பட்டது. அதன் முடிவு 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்தது. 10 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் தொடங்கி 100 வரை, பாசிட்ரானின் பங்கு ஏறிக்கொண்டே சென்றது. (புரோட்டான் ஒன்றின் நிறைக்குரிய ஆற்றல் ஏறத்தாழ ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டாகும். இனி இவ்வலகு ஜிகா எனச் சுருக்கி வழங்கப்படும்.)

அம்முடிவு அச்சேறும் முன்னரே நிகழ்ந்த ஒன்றை ஆய்வுலகைச் சார்ந்த நாம் கவனிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் பமேலா குழுவினர் தம் வரைபடத்தைச் சில நொடிகள் திரையில் காட்டினர். அவையிலிருந்த கோட்பாட்டாளர் சிலர் அதனை ஒளிப்படக் கருவியால் எடுத்துச்சென்று, படத்திலிருந்த புள்ளிகளை அளந்து, தரவாக்கி, கட்டுரைகளை எழுதிவிட்டனர். மூலத்தைக் குறிப்பிட்டே எழுதினர் என்றாலும் இது முறையா என்னும் விவாதம் அப்போது எழுந்தது. மாநாட்டில் காட்டுவது வெளியிடுவதற்கு ஒப்பாகுமா என்னும் வினா இயற்பியலுக்கு மட்டும் உரியதன்று. எவ்வாறாயினும், இத்துறையில் கோட்பாட்டாளர் எத்துணைப் பசியோடு இருந்தனர் என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

பமேலாவின் முடிவில் ஒரு நியாயமான ஐயம் இருந்தது. பாசிட்ரானும் புரோட்டானும் ஒரே வகை மின்னூட்டம் உடையவை. காந்தத்தில் ஒரே திசையில் வளைபவை. விண்வெளியில் ஒரு பாசிட்ரானுக்கு ஆயிரக்கணக்கான புரோட்டான்கள் உள்ளன. அவற்றுள் ஒரு சில தவறாகப் பாசிட்ரான் என எண்ணப்பட்டால்கூட, ஆற்றல் கூடும்போது பங்கும் கூடுவதுபோல் பொய்த்தோற்றம் உண்டாகும். ஆகவே வேறொரு கருவியின் சான்று தேவைப்பட்டது.

அச்சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2008ஆம் ஆண்டு ஜூனில் ஏவப்பட்ட ஃபெர்மி விண்தொலைநோக்கி காமாக் கதிர்களைக் காண்பதற்கென அமைந்தது. அதில் காந்தமே இல்லை. அதன் குழுவினர் புவியையே காந்தமாகப் பயன்படுத்தினர். புவியின் காந்தப்புலம் துகள்களை வளைக்கிறது. புவியின் உருண்டை சில பாதைகளை மறைக்கிறது. இதனால் மேற்கு அடிவானத்தை ஒட்டிய ஒரு சிறு பகுதியிலிருந்து பாசிட்ரான்கள் மட்டுமே வர இயலும்; கிழக்கில் அதற்கு இணையான பகுதியிலிருந்து எலக்ட்ரான்கள் மட்டுமே வர இயலும். அவ்விரு பகுதிகளையும் தனித்தனியே நோக்கி எண்ணியபோது, 200 ஜிகா வரையில் பாசிட்ரானின் பங்கு ஏறுவது உறுதியாயிற்று. 2012ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவை இத்துறையின் மிக அழகிய அளவீடுகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். கையிலில்லாத கருவிக்கு இயற்கை அமைத்துத் தந்த ஒன்றைக் கண்டுகொண்ட கூர்மை அதில் உள்ளது.

ஆல்பா காந்த நிறமாலைமானி

1998ஆம் ஆண்டு ஜூனில் டிஸ்கவரி விண்ணோடத்தில் பத்து நாள் பறந்த முன்மாதிரிக் கருவியைத் தொடர்ந்து, அதன் பெரிய வடிவம் பல நாடுகளின் கூட்டுழைப்பில் உருவானது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் எழுவருடன் சிதைந்தபின், எஞ்சிய பயணங்கள் குறைக்கப்பட்டன. அப்பட்டியலில் இக்கருவிக்கு இடமில்லாமற் போயிற்று. இதற்கென ஒரு பயணத்தைக் கூடுதலாகச் சேர்க்குமாறு அமெரிக்க நாடாளுமன்றம் 2008ஆம் ஆண்டில் சட்டமியற்ற வேண்டியிருந்தது.

அடுத்த நெருக்கடி கருவியின் நெஞ்சிலேயே வந்தது. வலிமைமிக்க மீக்கடத்துக் காந்தம் ஒன்றினை உருவாக்கியிருந்தனர். அது திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட வேண்டும். ஹீலியமோ ஏறத்தாழ மூன்றாண்டுகளில் தீர்ந்துவிடும். இதற்கிடையே விண்வெளி நிலையத்தின் ஆயுள் நீட்டிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில், ஏவுதலுக்குச் சிறிது காலமே இருந்தபோது, அக்காந்தத்தை நீக்கிவிட்டு 1998இல் பறந்த பழைய நிலைக்காந்தத்தையே மீண்டும் பொருத்த முடிவுசெய்தனர். அதன் புலவலிமை 0.15 டெஸ்லா, நீக்கப்பட்டதன் வலிமையில் ஐந்திலொரு பங்குக்கு அருகில். இழந்த கூர்மையை ஓரளவு ஈடுசெய்யச் சுவடுகாணும் சிலிக்கன் அடுக்குகளில் ஒன்றை உச்சிக்கும் ஒன்றை அடிப்பகுதிக்கும் நகர்த்தினர். வளைவு மெலிதாயின் அதனை நெடுந்தொலைவு பின்தொடர்ந்து அளப்பது என்பதே வழி. வலிமையை விட்டுக் காலத்தைத் தேர்ந்த இம்முடிவை அன்று பலர் குறைகூறினர். மூன்றாண்டில் முடங்கியிருக்க வேண்டிய கருவி பத்தாண்டுகளைக் கடந்து இயங்கியதைக் காணும்போது அது சரியான முடிவென்றே சொல்லத் தோன்றுகிறது.

விண்வெளியில் பெருங்காந்தம் வைப்பதில் மற்றோர் இடரும் உண்டு. புவியின் காந்தப்புலத்தில் அது திசைகாட்டி ஊசிபோலத் திரும்ப முயலும். முயன்றால் நிலையத்தையே முறுக்கும். எனவே உள்ளே புலம் இருக்க, வெளியே அதன் விளைவு ஏறத்தாழ இல்லாதவாறு காந்தத் துண்டுகளை 64 பகுதிகளாக வட்டமாக அடுக்கியுள்ளனர்.

ஏறத்தாழ ஏழு டன் எடையுள்ள இக்கருவி 2011ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் எண்டவர் விண்ணோடத்தில் புறப்பட்டு, மே 19ஆம் நாள் நிலையத்தில் பொருத்தப்பட்டது. துகள் ஒன்று இதனுள் மேலிருந்து கீழாகச் செல்லும்போது பல கருவிகள் அதனைத் தனித்தனியே விசாரிக்கின்றன. முதலில் உள்ள கதிர்வீச்சு உணரியில் இருபது அடுக்குகள் உள்ளன. இலேசான பாசிட்ரான் ஒளிவேகத்தை மிக நெருங்கி விரைவதால் அவ்வடுக்குகளைக் கடக்கையில் எக்ஸ் கதிர்களை வெளிவிடும். அதே ஆற்றலுடைய கனத்த புரோட்டான் வெளிவிடாது. அடுத்து, மேலும் கீழுமாக அமைந்த மினுக்கத் தகடுகள் துகள் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் குறிக்கும். மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்பது இதனால் தெளியும். கீழிருந்து வரும் எலக்ட்ரான் மேலிருந்து வரும் பாசிட்ரான் போலவே வளையுமாதலால் இது சிறிய செய்தியன்று. ஒன்பது சிலிக்கன் அடுக்குகள் வளைவை அளக்கின்றன. இறுதியாகக் காரீயமும் மினுக்க இழைகளும் மாறிமாறி அமைந்த ஆற்றல்மானி. பாசிட்ரான் அதனுள் பாய்ந்ததும் துகள்மழையாகப் பொழிந்து தன் ஆற்றல் முழுவதையும் அங்கேயே கொட்டிவிடும். புரோட்டான் பெரும்பாலும் அவ்வாறு செய்யாது. இவ்வாறு ஒன்றன் சான்றை மற்றொன்று சரிபார்ப்பதனால்தான், பத்து இலட்சம் புரோட்டான்களில் ஒன்றுகூடப் பாசிட்ரானாக ஏமாற்றிவிடாத அளவுக்குச் சலித்தெடுக்க முடிகிறது.

கோடு சொல்வது

முதல் முடிவில் நான்கு இலட்சம் பாசிட்ரான்கள் இருந்தன. 2019ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் அவை 19 இலட்சமாயின. இவற்றிலிருந்து தெரியவருவது இது: 10 ஜிகாவுக்கு அருகில் ஏறத்தாழ 5 விழுக்காடாக உள்ள பாசிட்ரானின் பங்கு படிப்படியாக ஏறி 15 விழுக்காட்டை எட்டுகிறது. 2014ஆம் ஆண்டு அறிவிப்பின்படி 275 ஜிகாவுக்கு அருகில் அவ்வேற்றம் நின்றுவிடுகிறது. பாசிட்ரான்களை மட்டும் தனியே நோக்கினால் 284 ஜிகாவுக்கு அருகில் அவற்றின் அளவு விரைந்து சரியத் தொடங்குகிறது.

ஓர் ஊற்று உண்டு. அதற்கு ஓர் உச்ச ஆற்றலும் உண்டு. இதுவரை கருத்து வேறுபாடில்லை. அவ்வூற்று யாது என்பதில்தான் பிளவு.

கரும்பொருள் துகள் ஒன்றுக்கு ஒரு குறிப்பிட்ட நிறை இருக்கும். அழிவில் பிறக்கும் பாசிட்ரான் அந்நிறைக்குரிய ஆற்றலைத் தாண்ட இயலாது. ஆகவே ஓர் எல்லையில் கோடு சரிவது கரும்பொருள் கருதுகோளுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் துடிவிண்மீன்களுக்கும் அது பொருந்துகிறது. பெருவிண்மீன் வெடித்தபின் எஞ்சும் அவ்வடர்ந்த உருண்டைகள் வினாடிக்குப் பலமுறையும் சுழலக்கூடியவை. அவற்றின் கடுமையான காந்தப்புலத்தில் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகள் தோன்றி விரைவூட்டப்படுகின்றன. அவ்விரைவுக்கும் ஓர் எல்லை உண்டு. உயர் ஆற்றல் பாசிட்ரான் தன் வழியில் ஆற்றலை விரைந்து இழப்பதால், நம்மை வந்தடைபவை ஏறத்தாழ மூவாயிரம் ஒளியாண்டுகளுக்குள் பிறந்தவையாகவே இருக்க வேண்டும். அவ்வளவில் துடிவிண்மீன்கள் இல்லாமலில்லை. ஏறத்தாழ 800 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஜெமிங்கா அவற்றுள் பெரிதும் பேசப்படுவது.

இரண்டையும் பிரித்தறிய வழிகள் இல்லையா? உண்டு, ஒவ்வொன்றும் பாதி தூரம் அழைத்துச்சென்று நின்றுவிடுகிறது. அருகிலுள்ள ஒரு துடிவிண்மீனே ஊற்றாயின் அத்திசையிலிருந்து பாசிட்ரான்கள் சற்று மிகுதியாக வர வேண்டும். ஆல்பா கருவி அத்தகைய சாய்வு எதனையும் காணவில்லை. இருந்தாலும் அது 2 விழுக்காட்டுக்குக் குறைவு என்றது. ஆனால் விண்மீன்மண்டலத்தின் காந்தப்புலங்கள் துகள்களைப் பலவாறு திசைதிருப்பிவிடுவதால், துடிவிண்மீன் கருதுகோளும் அதனினும் சிறிய சாய்வையே எதிர்பார்க்கக்கூடும். மெக்சிகோ மலையுச்சியிலுள்ள ஹாக் ஆய்வகம் 2017ஆம் ஆண்டில், ஜெமிங்காவைச் சுற்றித் துகள்கள் எதிர்பார்த்ததைவிட மெதுவாகப் பரவுவதால் அங்கிருந்து போதிய பாசிட்ரான்கள் நம்மை எட்டியிரா என்றது. கரும்பொருள் தரப்பினர் மகிழ்ந்தனர். மெதுவான பரவல் துடிவிண்மீனை ஒட்டிய பகுதிக்கு மட்டும் உரியதாயின் அம்முடிவு தளரும் என மற்றையோர் விரைவில் காட்டினர்.

கரும்பொருள் கருதுகோளும் இடர்ப்படுகிறது. இத்தனைப் பாசிட்ரான்களைத் தர வேண்டுமாயின் அத்துகள்கள் எளிய கோட்பாடு கூறுவதைவிடப் பன்மடங்கு மிகுதியாக அழிய வேண்டும். அவ்வாறு அழிந்தால் காமாக் கதிர்களும் எழ வேண்டும். கரும்பொருள் மிகுந்த குறுமண்டலங்களை ஃபெர்மி நோக்கியபோது அத்தகைய ஒளி தென்படவில்லை. அண்டத்தின் இளமைக் காலத்திலும் அவ்வழிவு நடந்திருக்குமாதலால் அதன் சுவடு பின்னணிக் கதிர்வீச்சில் பதிந்திருக்க வேண்டும். பிளாங்க் அளவீடுகள் அதற்கும் இடமளிக்கவில்லை. துடிவிண்மீன்களால் தர இயலாத எதிர்ப்புரோட்டான்களும் பாசிட்ரான்களைப் போன்றே நடந்துகொள்வதாக 2016ஆம் ஆண்டில் ஆல்பா குழு அறிவித்தது கரும்பொருள் தரப்புக்கு வலுவூட்டியது உண்மையே. ஆயினும் சாதாரண மோதல்களில் எத்தனை எதிர்ப்புரோட்டான்கள் பிறக்கும் என்னும் கணக்கிலேயே போதிய நெகிழ்வு இருப்பதால், அவ்வலுவும் முழுமையானதன்று. என் மதிப்பீட்டில் இன்றைய சான்றுகளின் எடை துடிவிண்மீன் பக்கமே சாய்கிறது. எனினும் தட்டு கீழே தொட்டுவிட்டதெனக் கூறத் துணியேன்.

ஓரேட்டுப் பாடங்கள்

சுவடிப் பதிப்பில் பயிற்சியுள்ளோர் இத்துறையின் வரலாற்றில் தமக்குப் பழகிய ஒன்றைக் காண்பர். ஒரே ஓர் ஏட்டில் மட்டும் காணப்படும் பாடம் எத்துணைச் சுவையுடையதாயினும், பிற ஏடுகளோடு ஒப்பிடாமல் பதிப்பாசிரியர் அதனை மூலபாடமாகக் கொள்வதில்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடியலைந்ததன் காரணமும் அதுவே. 2008ஆம் ஆண்டு நவம்பரில், அண்டார்க்டிகாவில் பறந்த ஏட்டிக் என்னும் பலூன் கருவி 300 முதல் 800 ஜிகா வரை எலக்ட்ரான்களில் ஒரு மேடு தெரிவதாக அறிவித்தது. கரும்பொருளின் கையொப்பம் இதுவேயென எழுதியோர் பலர். மறு ஆண்டே ஃபெர்மி மிகுதியான தரவுகளுடன் நோக்கியது. அம்மேடு அங்கு இல்லை.

இதே கதை ஒன்பதாண்டுகள் கழித்து மீண்டும் நிகழ்ந்தது. சீனா 2015ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ஏவிய டாம்பே செயற்கைக்கோளுக்கு வூக்கோங் என்பது செல்லப்பெயர். மேற்கு நோக்கிய பயணம் என்னும் சீனப் புதினத்தின் குரங்கரசன் பெயர் அது. நம் மாணவர்கள் தொலைக்காட்சியில் நன்கறிந்தவன். வெறுமையை உணர்ந்தவன் என்பது அப்பெயரின் பொருளாதலால் காணாப்பொருளைத் தேடும் கருவிக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது. அதில் காந்தமில்லை, ஆகவே எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் பிரித்தறியாது. ஆனால் 308 படிகச் சட்டங்களாலான அதன் ஆற்றல்மானி ஆற்றலை மிகத் துல்லியமாக அளக்கவல்லது. 2017ஆம் ஆண்டு வெளியான அதன் வரைபடத்தில் 1,400 ஜிகாவுக்கு அருகே ஒற்றைப் புள்ளி மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்து நின்றது. டாம்பே குழுவினர் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. கோட்பாட்டாளர்களோ அந்தப் புள்ளி ஒன்றனுக்கென்றே கட்டுரைகளை எழுதிக் குவித்தனர். 2018ஆம் ஆண்டில், விண்வெளி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியிலுள்ள கேலட் கருவி அதே ஆற்றலை நோக்கியபோது அங்கு உயர்வு எதுவும் காணப்படவில்லை.

இவற்றோடு ஒப்பிட, பாசிட்ரான் ஏற்றம் வேறு வகையைச் சார்ந்தது. பமேலா, ஃபெர்மி, ஆல்பா என மூன்று கருவிகள் வெவ்வேறு முறைகளில் கண்டது அது. அந்த ஏற்றத்தையும் ஏட்டிக் மேட்டையும் ஒரே மூச்சில் சொல்லும் பாடக்குறிப்புகளைக் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரு தரத்தன அல்ல. மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது, பாசிட்ரான் மிகுதி உறுதியானது, கரும்பொருள் அதற்கான விளக்கங்களுள் ஒன்று என இரண்டு வாக்கியங்களாகப் பிரித்துச் சொல்வது நன்று. ஒரே வாக்கியமாக்கினால் இரண்டாவது முதலாவதன் உறுதியைக் கடன் வாங்கிக்கொள்கிறது. கரும்பொருளை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்னும் வகைப் பேச்சுகளும் அவ்வாறு கடன்பட்ட வாக்கியங்களே. எண்ணி அளந்தவர்களே இன்னும் பெயரிடத் தயங்கும் ஒன்றைப் பழம்பாட்டில் கண்டதாகக் கூறுவது பாட்டுக்கும் பெருமை சேர்ப்பதன்று.

கருவியைக் காத்தல்

ஆல்பா கருவி பழுதுபார்க்கப்படும் எண்ணத்துடன் வடிவமைக்கப்படவில்லை. அதன்மேல் விண்வெளி வீரர் பற்றிக்கொள்ளக் கைப்பிடிகூட இல்லை. சிலிக்கன் அடுக்குகளைக் குளிர்விக்கும் கரியமிலவாயு ஓட்டத்திற்கு நான்கு எக்கிகள் இருந்தன. அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதடைந்தன. குளிர்விப்பு நின்றால் வளைவை அளக்கும் பகுதி பயனற்றுப்போகும். 2019ஆம் ஆண்டு நவம்பர் தொடங்கி 2020ஆம் ஆண்டு ஜனவரி வரை, இத்தாலியரான லூக்கா பர்மிட்டானோவும் அமெரிக்கரான ஆண்ட்ரூ மோர்கனும் நான்கு முறை விண்வெளியில் நடந்து, மெல்லிய எஃகுக் குழாய்கள் எட்டினை வெட்டி, புதிய எக்கித் தொகுதியை இணைத்தனர். பருத்த கையுறைகளுடன், இதற்கெனவே புதிதாக உருவாக்கப்பட்ட கருவிகளைக் கொண்டு செய்த வேலை அது. நான்காவது நடையில் ஓர் இணைப்பில் கசிவு காணப்பட்டது, இறுக்கியபின் நின்றது. தரவுச் சேகரிப்பு தொடர்ந்தது.

கருவியின் உச்சியில் புதியதொரு சிலிக்கன் அடுக்கினைச் சேர்த்து, அது வாங்கும் துகள்களின் எண்ணிக்கையைப் பன்மடங்காக்கவும் திட்டமிடப்பட்டது. இதன் தேவையை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். 19 இலட்சம் பாசிட்ரான்களுள் ஆயிரம் ஜிகாவை நெருங்குபவை மிகச் சில. வினாவின் விடையோ அங்குதான் உள்ளது. ஒரே நிறையுடைய கரும்பொருள் துகளே ஊற்றாயின் கோடு அவ்வெல்லைக்கு அப்பால் திடீரென வீழ வேண்டும். பல துடிவிண்மீன்கள் ஊற்றாயின், ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் ஓய்வதால், கோடு மேடுபள்ளங்களுடன் மெல்லத் தணிய வேண்டும். சில பாசிட்ரான்களைக் கொண்டு வீழ்ச்சியையும் தணிவையும் வேறுபடுத்த இயலாது. அவற்றைக் குறிக்கும் புள்ளிகளின் பிழைக்கோடுகள் இரண்டையும் தம்முள் அடக்கிக்கொள்ளும் அளவுக்கு நீண்டவை. விண்வெளி நிலையத்தை 2030ஆம் ஆண்டுவரை இயக்குவது என்பது நாசா அறிவித்த திட்டம். உயர் ஆற்றல் பாசிட்ரான்கள் அதுவரை தத்தம் வேகத்தில், நாளுக்கு ஒன்றுகூடக் கிட்டாத அருமையோடு வந்துகொண்டிருக்கும்.